மோஸ் என்றால் பாசி

பதினான்கு வயது வரைக்கும் எங்கள் குளியலறைச் சுவரை வாரத்துக்கு இரண்டு தடவை தேய்த்துக் கழுவியவள் நான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. எல்லாம் கீழ்வீட்டு மாமாவால் வந்த வினை.

அவருடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருடைய மகள் இப்போது இல்-பிசார் என்கிற வசதியான தீவில் தனிவீடு வாங்கி, பஸ்ஸே வராத தெரு ஒன்றில் பெரிய மனுஷியாக இருக்கிறாள். “எங்கடை அப்பாவைப் பற்றி எழுத உனக்கு ஆர் அனுமதி தந்தது?” என்று அவள் தொலைபேசி எடுத்தால் எனக்கு ஒரு மணித்தியாலம் போய்விடும். ஆகவே மாமா என்றே சொல்கிறேன். அவர் எனக்குச் சொந்த மாமாவும் இல்லை. மொன்றியலில் அப்பாவின் வயதையொத்த தமிழ் ஆம்பிளைகள் எல்லோரும் மாமாக்கள்தான்.

செயின்ட்-மிஷேலில் ஒரு மூன்று தட்டு வீட்டின் நடுத்தட்டில் நாங்கள் இருந்தோம். கீழ்த்தட்டில் மாமாவும் மாமியும் பிள்ளைகளும். எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மாவைத் தான் வேலை செய்த இடத்திலேயே, ஹோட்டல்களின் கட்டில் விரிப்புகளைத் தோய்த்து மடிக்கிற இடத்தில், கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டவர் மாமா. மாதத்தில் ஒரு நாள் வெளிப்பக்க இரும்புப் படியில் தடதடவென்று ஏறி வருவார். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, கதிரையின் நுனியில் இருந்துகொண்டு அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

“தங்கச்சி, மோஸ் எப்பிடி?”

“கொஞ்சம் கிடக்கு அண்ணை,” என்பார் அம்மா. சில மாதங்களில் குரலைத் தணித்துக்கொண்டு, “ஒண்டும் இல்லை அண்ணை,” என்பார்.

மோஸ் என்றால் என்ன என்று மாமாவையே கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

“பாசி, பிள்ளை. ஜெர்மன் பாஷையிலை பாசியை மோஸ் எண்டுறது. பழைய வீடல்லோ, சுவரிலை பிடிக்கும். கொம்மா பாவம், வேலைக்குப் போறவ. நீ ஒருக்காப் பாத்துக்கொள்.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஜெர்மன் மொழியில் மோஸ் என்றால் பாசிதான். மாமா பொய் சொல்வது சிலவேளை இப்படித்தான், முழுக்க உண்மையை வைத்துக்கொண்டு.

நான் போய்க் குளியலறையைப் பார்த்தேன். சுவரில் பதித்த ஓட்டு இடுக்குகளில் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. எனக்கு மானம் போய்விட்டது. கீழ்வீட்டு மனிதர் மாதாமாதம் படியேறி வந்து விசாரிக்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் பாசியா? பழைய பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு அன்றைக்கே தேய்க்கத் தொடங்கினேன்.

அத்தோடு இன்னொன்றையும் கவனித்தேன். அம்மா “ஒண்டும் இல்லை” என்று சொல்கிற மாதங்களில் அடுத்த நாள் காலையில் எங்கள் வாசலில் ஒரு பை இருக்கும். அரிசி, பருப்பு, டின் மீன், சிலவேளை எனக்கென்று சொக்லேட் பிஸ்கட். “கொஞ்சம் கிடக்கு” என்ற மாதங்களில் பை வராது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பாசி இல்லாத வீட்டுக்குப் பரிசு தருகிறார்கள். அதன்பிறகு நான் தேய்த்த தேய்ப்பைப் பார்த்து அம்மாவே பயந்துபோனார். “விசரே உனக்கு? ஓடு கழண்டு விழப்போகுது,” என்று ஏசுவார். நான் விடவில்லை. பிஸ்கட் வேண்டுமே.

பதினான்கு வயதில்தான் எல்லாம் வெளித்தது. தெருமூலை டெப்பனேர் கடையில் பால் வாங்க நின்றேன். எனக்கு முன்னால் மாமாவும் மாமியும். சாமான்களை மேசையில் வைத்துவிட்டு மாமா மேல்பையைத் தடவினார். பிறகு பின்பையைத் தடவினார்.

“ஐயோ, மோஸை வீட்டிலை வைச்சிட்டு வந்திட்டன்.”

“காசை வைச்சிட்டு வந்திட்டன் எண்டு மனிசர் மாதிரிச் சொல்லுங்கோவன்,” என்றார் மாமி, கடை முழுக்கக் கேட்க.

நான் பால் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அரிசி ஏன் வந்தது, அம்மா ஏன் குரலைத் தணித்தார், என்னிடம் ஏன் பாசி என்று சொல்லப்பட்டது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியாது, ஆனால் மாமாதான் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தார். வீட்டுக்குப் போய் அந்தப் பிரஷைக் குப்பைக்குள் எறிந்தேன். ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை, பையை நிறுத்தவும் இல்லை.

கனடாவுக்கு வருவதற்கு முன் மாமா ஆறு வருடம் ஜெர்மனியில் இருந்தவர். ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் கோப்பை கழுவினாராம். அந்தக் குசினியில் இருந்தவர்கள் காசை மோஸ் என்பார்கள். நாங்கள் சல்லி என்கிற மாதிரி, இந்தியாக்காரர் துட்டு என்கிற மாதிரி, பேச்சில் வருகிற சொல். ஜெர்மன் மொழி தனக்குத் தண்ணி பட்ட பாடு என்று மாமா சொல்லிக்கொள்வார். ஆனால் அந்த மொழியில் இந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

அதே நேரம் காசு என்ற தமிழ்ச் சொல்லையும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. வங்கிக்குப் போனாலும் மோஸ், கோயில் உண்டியலிலும் மோஸ், கல்யாண வீட்டில் என்வலப்புக்குள் வைப்பதும் மோஸ்தான். ஏன் மாமா என்று கேட்டால், “நாலு பேர் நிக்கிற இடத்திலை அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது பிள்ளை. இருக்கெண்டாலும் பிழை, இல்லையெண்டாலும் பிழை,” என்பார். மாமி நேர்மாறு. அவருக்குக் காசு காசுதான், அதைத் தெருவுக்குக் கேட்கச் சொல்லத்தான் வேண்டும்.

ஊரெல்லாம் மோஸ் மோஸ் என்று திரிந்தால் யாராவது கேட்கத்தானே செய்வார்கள், இது என்ன சொல், எங்கேயிருந்து வந்தது என்று. அங்கேதான் மாமாவின் திருவிளையாடல் தொடங்கும். தமிழ்ச் சங்கத் தலைவர் கேட்டார். அவர் எதற்கும் தமிழில் வேர் தேடுகிற மனிதர். மாமா அவரை நான் நின்ற பக்கமாகத் தனியே கூட்டிக்கொண்டு போனார்.

“ஐயா, மோசம் எண்டது ஆற்றை சொல்? எங்கடை சொல். காசாலைதான் மனிசன் மோசம் போறான்.” இங்கே நான் சேர்த்துச் சொல்கிறேன், காசு என்று வரவேண்டிய இடத்தில் மாமா விரலைச் சுண்டித்தான் காட்டினார். “ஜெர்மன்காரன் எங்களிட்டைச் சொல்லை எடுத்து, கடைசியிலை இருக்கிற ‘அம்’மை விழுங்கிப்போட்டான். மிச்சம் மோஸ்.”

அடுத்த ஆண்டு விழாவில் தலைவர் இதை மேடையில் சொன்னார். தமிழ் ஜெர்மனி வரைக்கும் போன கதை என்று சொல்லி நெஞ்சை நிமிர்த்தினார். மண்டபம் கைதட்டியது. இரண்டாவது வரிசையில் இருந்து எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவர் மாமா. “பெரிய ஆராய்ச்சி செய்திருக்கிறார்,” என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். நான் பின்வரிசையில் இருந்து தலையில் கை வைத்தேன்.

மேல்தட்டில் இருந்த மன்னார் அன்ரிக்கு வேறு கதை. அவர் ஞாயிறு பூசை தவறாதவர். மோசே மலையிலிருந்து இறங்கி வந்து, சனம் கும்பிட்ட தங்கக் கன்றுக்குட்டியை இடித்துத் தூளாக்கினாரே, அந்தத் தூள்தான் மோஸ் என்றார் மாமா. அன்ரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். வீட்டுச் சொந்தக்காரி மதாமுக்கு இன்னொன்று. அவர் பிரெஞ்சுக்காரி. பாசிக்குப் பிரெஞ்சில் மூஸ் என்பார்கள்; அதையே ஜெர்மன்காரன் வாய் கோணி மோஸ் என்று சொல்கிறான் என்று தன்னுடைய உடைந்த பிரெஞ்சில் விளக்கினார். மதாமுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அந்த நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கிண்ணம் நிறையச் சொக்லேட் மூஸ் என்கிற நுரை இனிப்பைச் செய்து கொண்டுவந்து கொடுத்தார். மாமா அதை எங்களுக்கும் பங்கிட்டுத் தந்தார்.

என்னிடமும் முயற்சி செய்தார். அப்போது எனக்குப் பதினாறு வயது, ஆங்கிலத்தில் பெரிய புலமை என்ற எண்ணம். “இருபத்தைஞ்சு சதக் குத்தியிலை பார் பிள்ளை, மூஸ் மான் நிக்குது. அந்த மிருகத்தின்ரை பேர்தான்.”

“அது மூஸ் இல்லை மாமா, கரிபூ. பள்ளிக்கூடத்திலை படிச்சனாங்கள்.”

“கொம்பு இருக்கோ?”

“இருக்கு.”

“பிறகென்ன?”

கேட்கிறவர் எந்தப் பாஷையோ, சொல் அந்தப் பாஷையில் பிறந்துவிடும். எல்லோரும் தங்கள் வீட்டுச் சொல் என்று சந்தோஷமாகப் போவார்கள். எனக்கு மட்டும் எரிச்சல். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதைக்கூட நேராகச் சொல்லாத மனிதரை வேறு எதில் நம்புவது? அம்மா நம்பினார். எனக்கு இருபத்தேழு வயதில் கல்யாணப் பேச்சு வந்தபோது, ஆம்பிளைத் துணையாக வந்திருந்து கதைக்கும்படி அவர் கேட்டது மாமாவைத்தான்.

மாப்பிள்ளை நானே பார்த்தது. டொரொன்டோவில் ஒரு கல்யாண வீட்டில் அவனைச் சந்தித்தேன். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்து வந்திருந்தான். ஒரு வருடமாக மெட்ரோவில் ஆற்றைக் கடந்து கடந்து நான் அங்கேயும் அவன் இங்கேயுமாக அலைந்து, இதற்குமேல் அலைய முடியாது, கட்டிக்கொள்வோம் என்று முடிவு செய்திருந்தோம். ஒன்றே ஒன்றைத்தான் அவன் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தான். தாய் மனம் ஒப்பிச் சம்மதிக்காவிட்டால் தாலி கட்டமாட்டான். அதற்காக அவன்மேல் எனக்கு மதிப்பும் வந்தது, பயமும் வந்தது.

தாய் ஜெர்மனியிலிருந்து ஒரு கிழமைக்கு வந்தார். தகப்பன் அங்கே வியாபாரத்தைப் பார்க்க நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

அம்மா அந்தக் கிழமை முழுக்க நித்திரை கொள்ளவில்லை. எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுக்க வேண்டும். எங்களிடம் இருந்ததோ வாடகை வீடும் அப்பாவின் படமும்.

“அவை கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?”

“கேக்கமாட்டினம் அம்மா. அவன் வேண்டாமெண்டு சொன்னவன்.”

“அவன் சொல்லுவான். தாய் சொல்லவேணுமே. இல்லையெண்டு சொல்லி அந்த மனிசி எழும்பிப் போனா உன்னை நான் எந்த முகத்தோடை பாப்பன்?”

நான் கீழே போய் மாமாவை எச்சரித்தேன். “மாமா, அவை ஜெர்மனியிலையிருந்து வருகினம். அங்கை வந்து உங்கடை மோஸை எடுக்காதேங்கோ.”

மாமா சிரித்தார். “உனக்கு விளங்கேல்லைப் பிள்ளை. அது குசினிப் பாஷை. ஆம்பிளையள் கோப்பை கழுவிக்கொண்டு கதைக்கிறது. வீட்டிலை இருக்கிற எங்கடை பொம்பிளையளுக்கு உதுகள் தெரியாது. நான் சொல்லுறது கொம்மாவுக்கு விளங்கும், அந்த மனிசிக்கு விளங்காது. இதைவிட வசதி வேறை என்ன வேணும்?”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமா யாருடையதோ என்று சொல்லத்தக்க ஒரு பெரிய கோட்டுக்குள் இருந்தார். மாமியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாயைத் திறந்தால் காசு என்பார் என்ற பயம். அம்மா ரோல்ஸும் கட்லட்டும் செய்து அடுக்கி வைத்திருந்தார். அவன் வந்தான், தாயும் வந்தார். உயரமான, தோள் அகன்ற மனுஷி. குரல் கரகரவென்று இருந்தது. கைகள் தடித்து, நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. கதிரையில் நிமிர்ந்து இருந்து, அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். குடும்ப வியாபாரம் என்று மட்டும் அவன் சொல்லியிருந்தான்; அவர் என்ன வேலை செய்கிறவர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தேத்தண்ணி குடித்தோம். குளிரைப் பற்றிக் கதைத்தோம். இடைக்கிடை தாய் மகனோடு ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்லுவார், அவன் தலையாட்டுவான். அந்த நேரமெல்லாம் மாமா எல்லாம் விளங்கிய முகத்தோடு புன்னகைத்துக்கொண்டிருந்தார். பிறகு கல்யாணப் பேச்சு வந்தது. அம்மாவுக்குப் பயத்தில் ரோஷம் வந்துவிட்டது. எங்களைக் குறைவாக நினைத்துவிடுவார்கள் என்று, “எங்களுக்கும் ஆக்கள் கனபேர். பெரிய மண்டபமா எடுக்கத்தான் வேணும். ஐந்நூறு பேராவது வருவினம்,” என்றார். எங்களுக்கு ஐம்பது பேர் வந்தாலே அதிசயம்.

தாயின் முகம் மாறியது. மகன் பக்கம் திரும்பி, விறுவிறுவென்று ஜெர்மன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். அந்த நீளத்தின் நடுவில் ஒரு சொல் தெளிவாக என் காதில் விழுந்தது. மோஸ்.

மாமாவின் புன்னகை நின்றுவிட்டது. அவர் அம்மா பக்கம் சரிந்து, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு நல்ல சத்தமாகச் சொன்னார்.

“தங்கச்சி, மோஸ் கேக்கினம். நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ. மோஸ் இல்லையெண்டு காட்டிக்கொள்ளவேண்டாம். நான் சமாளிக்கிறன்.”

தாய் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

“ஆர் மோஸ் கேட்டது?”

அவன் காது இரண்டும் சிவந்து தரையைப் பார்த்தான். எனக்கு மாமாவின் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல இருந்தது.

“இல்லைத் தங்கச்சி,” என்று மாமா தொடங்கினார், “மோஸ் எண்டா பாசி. இந்த வீட்டுக் குளியலறையிலை கொஞ்சம்...”

“இருபது வருஷம் சந்தையிலை மரக்கறி விக்கிறவள் நான். விடிய நாலு மணிக்கு எழும்பிக் கடை போடுறவள். எனக்குப் பாசியைக் காட்டாதேங்கோ.” தாய் எழுந்துவிட்டார். “நான் சீதனம் கேக்க வந்தனான் எண்டோ நினைச்சியள்? என்ரை பிள்ளையை விக்க வந்தனான் எண்டோ? எனக்கு முன்னாலையே எனக்கு விளங்காதெண்டு கள்ளப்பாஷை கதைக்கிறியள். தம்பி, எழும்பு. போவம்.”

அவர் கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தார். அவன் என்னைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், எழுந்து நின்றான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். தாய் அந்தக் கதவைத் தாண்டினால் எனக்குக் கல்யாணம் இல்லை. ஒரு வருடம் ஆற்றைக் கடந்தது எல்லாம் ஒரு சொல்லோடு சரி.

மாமா கதிரையில் இருந்தபடியே குனிந்து தன் கைகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அடுத்ததாக ஏதோ ஒரு புளுகு வரப்போகிறது, அதோடு எல்லாம் முடியப்போகிறது என்று நினைத்தேன்.

“காசில்லைத் தங்கச்சி,” என்றார் மாமா.

அவர் அந்தச் சொல்லைச் சொன்ன விதம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. பழக்கம் இல்லாமல், சரியாகச் சொல்கிறோமா என்ற சந்தேகத்தோடு சொன்ன மாதிரி இருந்தது.

“இவவிட்டைக் காசில்லை. புருஷன் போன நாளிலையிருந்து இல்லை. என்னட்டையும் இல்லை. இந்தக் கோட்டுக்கூட என்ரை இல்லை. அதைத் தமிழிலை சொல்ல எனக்கு வாய் வராது. அதாலைதான் அந்தச் சொல்லை வைச்சிருக்கிறன். உங்களுக்கு மறைக்கவெண்டு தொடங்கேல்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரியக்கூடாதெண்டு தொடங்கினது, பேந்து வாயிலை ஒட்டிக்கொண்டுது.”

அந்தப் பிள்ளை என்று அவர் காட்டியது என்னை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடமும் இந்த மனிதரைப் புளுகர் என்று எரிந்து விழுந்திருக்கிறேனே.

தாய் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றார்.

“நான் இவனுக்கு என்ன சொன்னனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?” என்று கேட்டார். “எங்களிட்டை மோஸ் இல்லை, இவை ஐந்நூறு பேருக்கு மண்டபம் எண்டுகினம், இதை இந்தச் சனத்துக்கு நான் என்னெண்டு சொல்லுவன் எண்டு கேட்டனான்.”

முதலில் சிரித்தது அம்மா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து மூக்கால் வர, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு குலுங்கினார். பிறகு அவன். அவன் சிரித்த சிரிப்பில் தாய்க்கும் அடக்க முடியவில்லை. கோட்டிலிருந்து கையை எடுக்கப் பார்த்தார், அது உள்துணியில் சிக்கிக்கொண்டது. நான் ஓடிப்போய் இழுத்துவிட்டேன். அதுதான் நான் அவருக்குச் செய்த முதல் பணிவிடை.

“ஆறு வருஷம் அங்கை இருந்தனீங்கள்,” என்று மாமாவைப் பார்த்துக் கேட்டேன். “இல்லையெண்டதுக்கு அவை என்ன சொல்லுவினம் எண்டுகூடவோ தெரியாது?”

“கைன்,” என்றான் அவன். “கைன் மோஸ் எண்டுதான் அம்மா சொன்னவ.”

“அது எனக்குத் தெரியும் தம்பி,” என்றார் மாமா. “கைன் எண்டு சொல்லாத இடம் அங்கை இருக்கேல்லை. விசா ஒஃபிசிலை கைன், வீடு தேடப் போனா கைன், வேலை கேட்டாலும் கைன். கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லைக் காதிலை விழுத்துறதை விட்டிட்டன்.”

தாய் திரும்ப இருந்து ரோல்ஸ் ஒன்றை எடுத்தார். “இதை முதலே சொல்லியிருந்தா நான் இவ்வளவு நேரமும் நிம்மதியாச் சாப்பிட்டிருப்பன்,” என்றார். கல்யாணத்தை எண்பது பேரோடு வைப்பது என்று ஐந்து நிமிடத்தில் முடிவாயிற்று. மண்டபத்துக்கு என்ன, சாப்பாட்டுக்கு என்ன என்று இரண்டு தாய்மாரும் நல்ல தமிழில் கதைத்தார்கள்.

போகிற நேரம் தாய் மாமாவிடம் கேட்டார். “அண்ணை, இத்தனை வருஷமா இந்தச் சொல்லை வைச்சு வியாபாரம் செய்யிறன். எங்கையிருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ?”

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மோசமா, மோசேயா, எது வரப்போகிறது? மாமா தாயின் தடித்த கைகளைப் பார்த்தார்.

“ஊர் ஊராப் பெட்டி சுமந்து வித்த சனத்தின்ரை சொல் தங்கச்சி. தங்களுக்கெண்டு ஒரு இடம் இல்லாத சனம். வீட்டுக்காரருக்கும் பொலிசுக்கும் விளங்கக்கூடாதெண்டு தங்களுக்குள்ளை ஒரு பாஷை வைச்சிருந்தவை. அந்தப் பாஷையிலை மோஸ். ஜெர்மன்காரன் பேந்து அதைக் கேட்டுப் பழகினவன்.”

தாய் தலையை மெதுவாக ஆட்டினார், கண் கலங்கியிருந்தது. சந்தையில் நின்ற மனுஷிக்குச் சந்தைக்காரரின் சொல்லாக, வழமைபோல ஆளைப் பார்த்து அளவெடுத்துத் தைத்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனாலும் கெட்டிக்காரர் என்று ஒத்துக்கொண்டேன்.

கல்யாணம் செயின்ட்-மிஷேலிலேயே, தமிழ் வகுப்பு நடக்கிற ஒரு நிலக்கீழ் மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்து ஆட்கள் வாழ்த்த வந்தார்கள். மாமா இந்தத் தடவை அளவான கோட்டோடு வந்தார். எங்கள் இரண்டு பேரின் தலையிலும் அரிசி போட்டார். அவன் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினான்.

“மாமா, நீங்கள் அண்டைக்கு அம்மாவுக்குச் சொன்னதை நான் தேடிப் பாத்தனான். சொற்கள் எங்கையிருந்து வந்ததெண்டு சொல்லுற அகராதி இருக்கு. நீங்கள் சொன்னது சரி.”

“எது?”

“மோஸ். யூதச் சனத்தின்ரை பழைய பாஷையிலை நாணயத்துக்கு இருந்த சொல்லாம். அவையின்ரை பேச்சிலையிருந்து ஊர் ஊராத் திரிஞ்ச வியாபாரியள், பிச்சைக்காரர், கள்ளர் எல்லாரும் எடுத்துத் தங்கடை இரகசியப் பாஷையிலை வைச்சிருந்தவையாம். வெளியாக்களுக்கு விளங்கக்கூடாதெண்டு. பேந்துதான் மாணவர்கள் பழகி, எல்லாருக்கும் பரவினது. பாசிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சத்தம் ஒண்டா இருந்ததாலை எழுத்தும் ஒண்டாப் போச்சுது.”

மாமா அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையில் மிச்சம் இருந்த அரிசியை எங்கே போடுவது என்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் போட்டார்.

“உண்மையோ?”

“உண்மை மாமா. அச்சிலை கிடக்கு.”

“நான் சும்மாவல்லோ அடிச்சு விட்டனான்,” என்றார் மாமா.

பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவர் நகரவில்லை. முகத்தில் விளையாட்டு ஒன்றும் இல்லை. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

“அப்ப எனக்கு முந்தியும் ஆரோ வெக்கப்பட்டிருக்கினம்,” என்றார்.

அவருடைய கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அவர் ஒரு நிமிடம் அப்படியே விட்டார். பிறகு கையை மெல்ல இழுத்துக்கொண்டு, என் காதருகே குனிந்து, “இந்த அகராதிக் கதையை வேறை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ பிள்ளையள்,” என்றார். மேடையிலிருந்து இறங்கி நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போனார். அங்கே மண்டபத்தைத் திறந்து பூட்டுகிற ஹைட்டிக்காரர் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். உங்கள் பாஷையில் மோசோ என்றால் துண்டுதானே, அந்தச் சொல்தான் ஜெர்மனிக்குப் போய் மோஸ் ஆனது என்று மாமா தன்னுடைய உடைந்த பிரெஞ்சில் அவருக்கு விளக்கத் தொடங்கிவிட்டார்.